பதினேழு தடவை அடித்த போன்

அத்தியாயம் 14

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். நம்ம தர்மா ஏணியில் ஏறிவிடுவார். ஏர்கோன் பழுதுபார்க்கிற மனுஷனுக்கு ஈப்போவில் ஏறுவதற்கா இடமில்லை? வீட்டில் சரளா குரலை உயர்த்தினால் போதும், ஏணியை வேன் மேல் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இறங்கி வருவதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. இருபத்தேழு வருஷத்தில் எதுவும் ஆறவில்லை, மூடி போட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கும் அவர் ஏணியில்தான் இருந்தார். கோபமில்லை, வேலை. பெர்ச்சாமில் ஒரு மாடி வீட்டின் பின்சுவரில் ஏர்கோன் பெட்டியைத் திறந்து, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது.

அந்த போனைப் பற்றிப் போன வாரங்களில் கொஞ்சம் சொல்லியிருக்கிறோம். எட்டு வயசு. ஒரு மூலை உடைந்து கறுப்பு டேப் சுற்றியது. திரைக்குக் கீழே அமுக்கினால் அமுங்குகிற நிஜமான பட்டன் உண்டு. கை ஈரமாக இருந்தாலும், கிரீஸ் பட்டிருந்தாலும் வேலை செய்யும். நகத்தால் நெம்பினால் பின்மூடி கழன்று வரும், பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு பேட்டரி எப்போதும் கால்சட்டைப் பையில் இருக்கும். அதைத் தினமும் சார்ஜில் போடுவது சரளாதான். திட்டிக்கொண்டே போடுவாள், ஆனால் ஒரு நாளும் மறந்ததில்லை.

ஆங்கில வருஷப் பிறப்பன்று அந்த போனில் நெட் கால் செத்துவிட்டது. இனிமேல் இந்தப் பழைய மாடலுக்கு இல்லை என்று திரையில் எழுதி வந்தது. காம்பாரில் பல்கலைக்கழக ஆபீஸில் வேலை செய்யும் மகள் ஷாமினி, பொங்கலுக்கு ஒரு புதுப் போன் வாங்கி வந்து அப்பா கையில் கொடுத்தாள். தர்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்கும்மா" என்றார். ஐஸ்பெட்டி மேல் வைத்தார். அதோடு சரி.

"கால் வரணும், கால் போகணும். வேற என்னா வேணும் ஒரு போனுக்கு?" என்பது அவர் கட்சி.

போனது ஒன்றே ஒன்றுதான். சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் எட்டு மணிக்கு நெட் கால் போடுகிற அக்கா செல்லாயியின் குரல். இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவின் கருமாதியில் செல்லாயிக்கும் சரளாவுக்கும் முறிந்துபோனது. அதன்பிறகும் அக்காவும் தம்பியும் மட்டும் வாரம் ஒரு தடவை பேசிக்கொண்டிருந்தார்கள். நெட் கால் போனதும் அதுவும் நின்றது. வேணும்னா அக்கா சாதா கால்ல கூப்பிடட்டும், பெரியவள் அவள்தானே என்று தர்மா இருந்துவிட்டார். ஐந்து மாசம் ஓடிவிட்டது.

இப்போது அடித்தது அக்கா இல்லை. சித்தப்பா மகன் பத்துமலை.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"ஏணியில. சொல்லு."

"இறங்கிட்டுப் பேசுங்களேன். நீங்க விழுந்து வச்சீங்கன்னா அந்தப் பாவமும் எனக்குத்தான்."

"பரவால்ல, சொல்லுலா."

பத்துமலை தொண்டையைச் செருமினான். "நம்ம தினேஸ்வரி கல்யாணத்துல, தாய்மாமன் முறைக்கு என்னை நிக்கச் சொல்றாங்க. அது உங்க எடம். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம சரின்னு சொல்ல எனக்கு மனசு வரல. நிக்கவாண்ணே?"

தினேஸ்வரி, செல்லாயியின் ஒரே மகள்.

"எந்தக் கல்யாணம்?" என்றார் தர்மா.

தர்மா ஏணியிலிருந்து இறங்கினார். ஒரு படி, இரண்டு படி, கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமைண்ணே" என்றான் பத்துமலை மெல்ல. "கோப்பெங் கோயில் மண்டபத்துல. மாப்பிள்ளை அந்த ஊரு. நேத்து அக்கா வீட்டு மச்சான் ஆளுங்க தாம்பாளத்தோட வந்தாங்க எங்க வீட்டுக்கு."

ஊரில் எல்லாருக்கும் பத்திரிகை வைக்கலாம். தாய்மாமனுக்குப் பத்திரிகை வைத்தால் மட்டும் போதாது. வெற்றிலை பாக்கு பழத்தோடு தாம்பாளம் எடுத்து வந்து, வாயால் கூப்பிட வேண்டும். அவர் மாலை எடுத்துப் போட்டு, கைபிடித்துக் கூட்டி வந்தால்தான் பெண் மணவறைக்கு வருவாள். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்திலும் அப்படித்தான், தாமான் குடியிருப்புக்கு வந்தபிறகும் அப்படித்தான். அந்தத் தாம்பாளம் இப்போது பத்துமலை வீட்டில் இருக்கிறது.

"அக்கா என்னைக் கூப்பிடவே இல்லையே" என்றார் தர்மா.

"பதினேழு தடவை கூப்பிட்டுச்சாம்ண்ணே. நீங்க எடுக்கலையாம். அப்புறம் வாய்ஸ் மெசேஜ் போட்டுச்சாம். கேட்டுட்டுப் பதிலே போடலையாம். 'என் தம்பி என்னைத் தலைமுழுகிட்டான்'னு ஒரே அழுகை. அதுக்கப்புறந்தான் என்கிட்ட வந்தாங்க."

தர்மா போனைக் காதிலிருந்து எடுத்து, வந்த அழைப்புகளைப் பார்த்தார். தம்பூன் கிளினிக், கோழிச்சோற்றுக் கடை முதலாளி தவுக்கே, ஸ்பேர் பார்ட்ஸ் கடை, சரளா, மறுபடி கிளினிக். அக்கா இல்லை. போன் பொய் சொல்லாது. அக்காவும் பொய் சொல்கிறவள் இல்லை.

காது குத்தும்போது தினேஸ்வரி இவர் மடியில்தான் உட்கார்ந்தாள். வலி தாங்காமல் அவர் சட்டைப் பட்டனைப் பிய்த்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு இன்னொருத்தன் மாலை எடுத்துக் கொடுப்பதா?

"பத்து, சாயங்காலம் வரைக்கும் பொறு."

"பொறுக்கிறேன்ண்ணே. ஆனா மண்டபத்துல சீர்த்தட்டுக்குப் பேர் கேக்கிறாங்க. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள நான் சொல்லியாகணும்."

ஏர்கோன் பெட்டியை மூடி, வீட்டுக்காரச் சீனக் கிழவியிடம் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, புந்தோங்கில் இருக்கும் வீட்டுக்கு வேனை விட்டார். பாதி வேலையில் அவர் இறங்கி வந்தது இதுதான் முதல் தடவை.

சரளா கச்சான் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. காலையில் போய்க் கடலையும் முறுக்கும் பாக்கெட் போட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்குத் திரும்புவாள். ஷாமினி லீவில் இருந்தாள். அப்பா நடந்ததைச் சொன்னதும், அவள் நேராக ஐஸ்பெட்டியிடம் போனாள்.

"அப்பா, உங்க நம்பருக்கு வர்ற நெட் கால் எங்க அடிக்கும் தெரியுமா?"

"என் போன்லதான்."

"உங்க போன்லதான் அது செத்துப்போச்சே. பொங்கலப்போ அம்மா உங்ககிட்ட ஆறு நம்பர் கேட்டாங்களா?"

சரளா போனில் கேட்டாள்தான். அவர் அன்றைக்கு ஏதோ ஒரு கூரையில் இருந்தார். "மெசேஜ்ல ஆறு நம்பர் வந்திருக்கும், படிங்க" என்றாள். தாமான் குரூப்புக்கும் கோயில் குரூப்புக்கும் என்றாள். தோட்டத்துப் பெரட்டில் காலையில் பேர் கூப்பிட்டால் 'ஆஜர்' சொல்கிற மாதிரி, அவரும் ஆறையும் ஒப்பித்தார். எதற்கு என்று யோசிக்கவில்லை.

"அந்த ஆறு நம்பரோட உங்க நெட் கால் இந்தப் புதுப் போனுக்கு மாறிடுச்சுப்பா" என்று ஷாமினி அதை எடுத்துத் திறந்தாள். சத்தம் அணைத்து வைத்திருந்தது. அவள் விரல் திரையில் மேலும் கீழும் போயிற்று. பிறகு நின்றது.

"அத்தைதான். பதினேழு."

கடைசியாக இருந்த வாய்ஸ் மெசேஜை அவள் தட்டினாள். செல்லாயியின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது.

"தம்பி, அக்கா பேசுறேன். எத்தனை தடவைடா கூப்பிடுறது? பாப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். மாமா மாலை போட்டாத்தான் மணவறைக்கு வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சரளாவுக்கும் எனக்கும் உள்ளது எங்களோட. நீ வந்துரு. வாரேன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லு, நான் வெள்ளிக்கிழமை தட்டோட வாசல்ல வந்து நிக்கிறேன்."

அது முடிந்தபோது பின்வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. சரளா வந்துவிட்டிருந்தாள். கையில் கடலை மாவு ஒட்டியிருந்தது. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"நான்தான் எடுக்கல. மெசேஜயும் நான்தான் கேட்டேன். அஞ்சாறு தடவை கேட்டேன்."

"ஏன்?" என்றார் தர்மா.

சரளா சிரித்துவிட்டாள். சந்தோஷச் சிரிப்பில்லை. "இப்பத்தான் ஏன்னு கேக்க வருது உங்களுக்கு. ரெண்டு வருஷமா வரல."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஷாமினியைப் பார்த்துத்தான் பேசினாள், புருஷனைப் பார்க்கவில்லை.

"உங்க தாத்தா நாலு வருஷம் படுக்கையில கெடந்தாரு. கஞ்சி ஊட்டுனது யாரு? டயப்பர் மாத்துனது யாரு? அந்த நாலு வருஷத்துல உங்க அத்தை எத்தனை தடவை வந்தாங்க? ஆடிக்கொரு தடவை, அமாவாசைக்கொரு தடவை. கருமாதியன்னைக்கு நூறு பேர் முன்னால என்னா சொன்னாங்க? 'எங்கப்பாவப் பட்டினி போட்டே கொன்னுட்டா'ன்னாங்க. உங்கப்பாவும் அங்கதான் நின்னாரு. ஒரு வார்த்தை பேசல. கூடாரத்துல காத்தாடி சுத்தலைன்னு யாரோ சொன்னதும், ஏணியத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

தர்மாவுக்கு அந்தக் காத்தாடி நினைவிருந்தது. அதில் பழுதே இல்லை. சுவிட்ச் போடாமல் இருந்தார்கள்.

"முதல் தடவை போன் நடுங்கி அந்தப் பேரு வந்தப்ப எனக்கு எடுக்க வரல" என்றாள் சரளா. "நெஜமா வரல, கை ஓடல. ரெண்டாவது தடவை எடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் உங்கப்பாகிட்ட சொல்ல வெக்கமாப் போச்சு. நாள் ஆக ஆக இன்னும் கஷ்டமா, சூசாவா போச்சு. செஞ்சது தப்புதான். தப்பில்லைன்னு நான் சொல்லல."

வெளியே வேன் மேல் ஏணி தெரிந்தது. தர்மா அதைப் பார்த்தார். எழுந்தார். ஷாமினியும் சரளாவும் அவரையே பார்த்தார்கள். அவர் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, மறுபடி அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"சண்டையை அப்புறம் போட்டுக்குங்க" என்றாள் ஷாமினி. "முதல்ல அத்தையக் கூப்பிடுவோம். வீடியோவுல உங்க மூஞ்சியப் பார்த்தா அத்தை எறங்கி வந்துருவாங்க."

புதுப் போனில் நெட் கால் போட்டாள். போகவில்லை. அத்தையின் படம் இருந்த இடம் காலியாக இருந்தது. இன்னொரு தடவை போட்டாள்.

"பிளாக் பண்ணிட்டாங்கப்பா."

"அப்படின்னா?"

"அப்படின்னா, அத்தை வீட்டுக் கதவை உங்க மூஞ்சியில சாத்திட்டாங்கன்னு அர்த்தம்."

தர்மா சட்டைப் பையிலிருந்து தன் பழைய போனை எடுத்தார். "இதுல அக்கா நம்பர் இருக்கு. சாதா கால் போனா எடுக்குமா?"

"அது வேற வழி, அத அத்தை அடைச்சிருக்க மாட்டாங்க. ஆனா சிம்மைக் கழட்டிப் புதுசுல போட்டுப் பேசுங்கப்பா. உங்க போன்ல பேசுறது கெணத்துக்குள்ள பேசுற மாதிரி கேக்கும். பேட்டரி வேற எப்ப படுக்கும்னு தெரியாது."

"வேணாம்மா."

"ஏம்ப்பா இவ்வளவு பிடிவாதம்? ஒரு போனுதானே?"

தர்மா கறுப்பு டேப்பின் விளிம்பை விரலால் ஒட்டவைத்தார். "அதுல பதினேழு தடவை அடிச்சும் எடுக்கல. இதுல இந்த எட்டு வருஷத்துல யாரு கூப்பிட்டும் நான் எடுக்காம இருந்ததில்ல. அக்காகிட்ட இதுலதான் பேசுவேன்."

ஷாமினி பெருமூச்சு விட்டாள். சிங்கப்பூருக்குச் சாதா கால் போக வேண்டுமே என்று, தன் போனிலிருந்தே அப்பாவின் நம்பருக்கு டாப்-அப் போட்டாள்.

முதல் தடவை அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை பாதியில் வெட்டப்பட்டது. செல்லாயி ஒரு கேன்டீனில் மேற்பார்வை வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். வேலையில் இருக்கிறாளா, வேண்டுமென்றே வெட்டுகிறாளா என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"யாரு?"

"அக்கா, நான் தர்மா."

தட்டுகள் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்துகிற சத்தம்.

"இப்பத்தான் அக்கான்னு ஒருத்தி இருக்கிறது ஞாபகம் வந்துச்சா?"

"நீ கூப்பிட்டது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். அந்த நெட் கால் புதுப் போனுக்கு மாறிப்போச்சு. நான் இன்னும் பழசத்தான் வச்சிருக்கேன்."

"அந்தத் தகரத்தையா?" என்றாள் செல்லாயி. குரல் ஒரு இழை தளர்ந்தது. உடனே இறுகியது. "சரி. புதுப் போன் யாரு கையில இருந்துச்சு?"

ஷாமினி அவசரமாகக் கையை ஆட்டினாள். ஐஸ்பெட்டியைக் காட்டினாள். ஐஸ்பெட்டி மேல் கிடந்தது என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. அக்கா சமாதானமாகிவிடுவாள், வெள்ளிக்கிழமை தாம்பாளம் வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை மாலை எடுத்துக் கொடுக்கலாம். தர்மாவின் வாய்வரைக்கும் அது வந்தது. சரளா அடுப்படியோரம் தலையைக் குனிந்து நின்றாள். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள் போலிருந்தது. அவர் என்றைக்கும் செய்வது அதுதானே.

"சரளா கையில இருந்துச்சு" என்றார் தர்மா. "அவதான் எடுக்கல. ஏன் எடுக்கலன்னு உனக்கே தெரியும்."

"என்னாடா சொல்ற?"

"கருமாதியில நீ பேசுனதச் சொல்றேன். அன்னைக்கே உன்னை நான் கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் தப்பு. இப்பக் கேக்கிறேன். அப்பாவுக்கு நாலு வருஷம் சோறு ஊட்டுனவள, எந்த வாயால அப்படிச் சொன்ன?"

வீடியோவாக இருந்திருந்தால் அக்காவின் முகம் தெரிந்திருக்கும். இந்த போனில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"பாப்பா என் மடியில உக்காந்து காது குத்திக்கிட்ட பிள்ளை" என்றார் தர்மா. குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டார். "அவளுக்கு மாலை எடுத்துப் போட எனக்கு எவ்வளவு ஆசை இருக்குன்னு உனக்குச் சொல்லத் தெரியலக்கா. ஆனா சரளா இல்லாம அந்த மண்டபத்து வாசல மிதிக்க மாட்டேன். அவளையும் நீ கூப்பிடணும். முடியாதுன்னா பத்துமலையவே நிறுத்திக்க. ஆறு மணிக்குள்ள அவனுக்குப் பேர் சொல்லணுமாம்."

டாப்-அப் கரைந்துகொண்டிருந்தது. ஷாமினி நகத்தைக் கடித்தாள்.

"போன அவகிட்ட குடு" என்றாள் செல்லாயி.

திட்டுவதற்கா, வேறெதற்கா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. தர்மா போனைச் சரளாவிடம் நீட்டினார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். காதுக்குக் கொண்டுபோவதற்குள் திரை கறுத்துவிட்டது.

"பேட்டரி" என்றார் தர்மா.

"சொன்னேன்ல" என்றாள் ஷாமினி. "அத்தை என்னா நினைப்பாங்க? அம்மா வெட்டிட்டாங்கன்னுதான் நினைப்பாங்க."

சரளா புருஷனிடம் கையை நீட்டினாள். அவர் கால்சட்டைப் பையிலிருந்து அந்த இன்னொரு பேட்டரியை எடுத்துக் கொடுத்தார். முந்தின இரவு அவளே திட்டிக்கொண்டு சார்ஜில் போட்டதுதான். நகத்தால் பின்மூடியை நெம்பினாள், பழசை எடுத்தாள், புதுசை வைத்தாள், மூடினாள், பட்டனை அமுக்கினாள். எட்டு வயசு போன் முழித்து எழும்ப இரண்டு நிமிஷம் ஆகும். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரை வந்தது. கோடுகள் ஒன்று, இரண்டு, மூன்றாக ஏறின. உடனே மணி அடித்தது. அக்கா என்று பேர் வந்தது.

தர்மா கையை நீட்டவில்லை. ஷாமினியும் வாயைத் திறக்கவில்லை. போன் சரளாவின் கையில் அடித்துக்கொண்டேயிருந்தது. மூன்று தடவை அடித்தது, நான்கு தடவை அடித்தது. பதினேழு தடவை அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணி. நான் சரளாதான் பேசுறேன்."